நலமுடையாரைத் தேடிச் சென்ற மருத்துவம்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூரைக் கடந்து சற்றுத் தொலைவில் உள்ளது கடம்பத்தூர். தொழிற்சாலைகளுக்குச் செல்லும் தொழிலாளரும், கல்லூரிகளுக்குச் செல்லும் மாணவரும் நாள்தோறும் இவ்வழியே பயணம் செய்கின்றனர். பெரிய நோய் வந்தால் இதே வழியில் பட்டணத்து மருத்துவமனைக்குப் போவதும் இவ்வட்டாரத்தாரின் நெடுநாள் வழக்கம். ஆனால், எப்பொழுது போவார்கள்? வலி பொறுக்க முடியாமல் போனபிறகுதான். புற்றுநோயும், நீரிழிவினால் விளையும் கேடுகளும் பெரும்பாலும் வலியோடு தொடங்குவதில்லை. வலி தோன்றும்போது நோய் பாதி வேலையை முடித்திருக்கும். ஆகவேதான், நோயாளி வரட்டும் என்று காத்திராமல், நலமாயிருப்பவரைத் தேடி மருத்துவம் புறப்பட்டது. நம் நாட்டில் அது நடந்த வரலாற்றை இன்று காண்போம்.

இவ்வரலாறு ஒரு துயரத்திலிருந்து தொடங்குகிறது. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1912-இல் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய சகோதரிக்கு மலக்குடலில் புற்றுநோய் கண்டது. முதலில் அதைச் சீதபேதி என்றே கருதினர். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. மருத்துவர் ஒருவரின் குடும்பத்திலேயே இவ்வாறு நேர்ந்ததென்றால், நாட்டுப்புறத்து எளியோரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? புற்று என்றால் மரணம், அதற்கென ஒரு மருத்துவமனை எதற்கு என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. அம்மையார் மனம் தளரவில்லை. பல்லாண்டு முயற்சியின் பயனாக, 1952-இல் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் நாள், பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர்.

மருத்துவமனை எழுந்தது, எனினும், நோய் முற்றியபின் வருவோரின் கூட்டம் குறையவில்லை. சிகிச்சை எவ்வளவு சிறந்திருந்தாலும், காலங்கடந்து வருபவரைக் காப்பது அரிதன்றோ? இதற்கிடையே, அமெரிக்காவில் ஜார்ஜ் பாபனிக்கொலாவ் என்னும் அறிஞர், 1943-இல் வெளியிட்ட நூலொன்றில் ஒரு புதுவழியைக் காட்டியிருந்தார். கருப்பை வாயிலிருந்து சில உயிரணுக்களை எடுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், புற்று உருவாகுமுன்னரே அதன் சாயலைக் கண்டுகொள்ளலாம் என்பதே அது. அவ்விடத்துப் புற்று ஒரே நாளில் தோன்றுவதன்று. உயிரணுக்கள் திரியத் தொடங்கியபின் நோயாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேலாகிறது. அந்த இடைவெளியே மருத்துவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

கடம்பத்தூர் உள்ளிட்ட இன்றைய திருவள்ளூர் மாவட்டம், 1997 வரையில் செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அம்மாவட்டத்துக் காஞ்சிபுரத்தில்தான், 1960-களில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் அடையாறு மருத்துவமனை புற்றுநோய்த் தடுப்புக்கான முன்னோடித் திட்டமொன்றை மேற்கொண்டது. மருத்துவம் மதிற்சுவரைத் தாண்டி ஊருக்குள் அடியெடுத்து வைத்தது.

ஆயினும், உயிரணுச் சோதனையை எல்லாச் சிற்றூர்க்கும் கொண்டுசெல்வது எளிதன்று. நுண்ணோக்கி வேண்டும், அதில் தேர்ந்த கண் வேண்டும், முடிவு வரச் சில நாளாகும். சோதனைக்கு வந்த பெண்ணை மீண்டும் அழைக்கவேண்டும். கூலிவேலை செய்பவளுக்கு இரண்டாம் முறை வருவதென்றால் இன்னொரு நாள் கூலி போயிற்று.

இச்சிக்கலுக்கு விடை தந்தது திண்டுக்கல் மாவட்டம். நீர் கலந்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது நாம் சமையலில் அறிந்த வினிகர் போன்ற திரவத்தை, கருப்பை வாயில் தடவினால், திரிந்த பகுதி ஒரு நிமிடத்தில் வெளுத்துத் தோன்றும். பயிற்சி பெற்ற செவிலியர் வெறுங்கண்ணாலேயே அதைக் காணலாம். தேவையானால் அன்றே குளிரூட்டி அப்பகுதியை அழித்துவிடலாம். இம்முறை உயிர்களைக் காக்குமா என்று அறிய, அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக சுகாதார மையத்தாரும், டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன் முதலியோரும் 2000-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் சோதனைக்கு அழைக்கப்பெற்றனர். 2007-இல் வெளியான முடிவு உலகையே திரும்பிப் பார்க்கவைத்தது. சோதனைக்கு அழைக்கப்படாத ஊர்களோடு ஒப்பிட, நோய் தோன்றுவது 25 விழுக்காடும், அதனால் நேரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. இன்று நோய்க்குக் காரணமான வைரஸையே கண்டறியும் சோதனைகள் வந்துவிட்டன. எனினும், பெரிய கருவியின்றியும் உயிரைக் காக்கலாம் என்று மெய்ப்பித்த பெருமை திண்டுக்கல் சிற்றூர்களுக்கு உரியது.

நீரிழிவின் வரலாறும் இதே வழியில் நடந்திருக்கிறது. 1948-இல் டாக்டர் எம். விசுவநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். அந்நோயின் கொடுமை சர்க்கரையோடு நிற்பதில்லை. விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுபடும். ஆனால் பார்வை நெடுநாள் தெளிவாகவே இருக்கும். கால் மரத்துப்போகும், முள் தைத்தாலும் தெரியாது. சிறுநீரகம் கெடும், சிறுநீரில் புரதம் கசிவதைச் சோதித்தாலன்றி அறிய இயலாது. கண்ணின் பழுதை முன்னரே கண்டால் லேசர் ஒளியால் பார்வையைக் காக்கலாம். இழந்த பார்வையை மீட்பதோ அரிது. எனவே, விசுவநாதனின் மகன் டாக்டர் மோகனும் அவர்தம் குழுவினரும், செங்கற்பட்டுப் பகுதியில் சூணாம்பேட்டைச் சூழ்ந்த 42 சிற்றூர்களுக்கு ஊர்தியொன்றை அனுப்பினர். அங்கேயே விழித்திரையைப் படம்பிடித்து, செயற்கைக்கோள் வழியாகச் சென்னை மருத்துவருக்கு அனுப்பினர். 23,000-க்கு மேற்பட்டோர் அத்திட்டத்தில் நீரிழிவுச் சோதனை பெற்றனர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம், நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்குமான மருத்துவத்தை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது.

இவ்வளவு நடந்தும் எஞ்சியிருப்பது என்ன? திண்டுக்கல் ஆய்வில் அழைக்கப்பெற்ற 49,311 பெண்களில் சோதனைக்கு வந்தவர் 31,343 பேர். ஏறத்தாழ 18,000 பேர் வரவில்லை. செவிலியர் அருகிலேயே இருந்தார், செலவு தடையாக இல்லை, இருந்தும் வரவில்லை. "நோயே இல்லாத எனக்குச் சோதனை எதற்கு?" என்னும் கேள்வி நம் வீடுகளிலும் அன்றாடம் எழுவதுதான். அதற்கு விடை சொல்லவேண்டியவர் யார்? வீட்டில் எழுதப்படிக்கக் கற்ற பிள்ளைகளே. முப்பது வயதைக் கடந்த உங்கள் அன்னையார் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறையேனும் சோதித்துக்கொண்டாரா? நீரிழிவுடைய தந்தையாரின் கண்ணையும் காலையும் இவ்வாண்டு மருத்துவர் பார்த்தாரா? இவ்விரண்டையும் மாணவ நண்பர்களாகிய நீங்கள் இன்றே கேளுங்கள். மருத்துவம் வாயில்வரை வந்துவிட்டது. கதவைத் திறக்கும் வேலை உங்களுடையது.