முதல் பாகமும் இரண்டாம் பாகமும் ஒரே ஊரில்

ஒரு பாட்டு நாடகம் சக்கைப்போடு போடுகிறது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் தொடர்ச்சியையும் அதே ஊரில் மேடையேற்றலாமா? முதலாவதின் கூட்டத்தை இரண்டாவது தின்றுவிடாதா? இல்லை, முதலாவதையே மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டாவதை ஜனங்கள் கைவிட்டுவிடுவார்களா?

சினிமாவில் இந்தக் கேள்வியே வராது. இரண்டாம் பாகம் வருவதற்குள் முதல் பாகம் தியேட்டரை விட்டுப் போய் வருஷங்கள் ஆகியிருக்கும். நாடகத்தில் நிஜமாகவே வரும். நான் இப்போது குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் கல்கத்தாவில் இதற்குப் பதில் 1885-லேயே கிடைத்துவிட்டது.

பாலிகஞ்சிலிருந்து வடக்கே போனால் பீடன் ஸ்ட்ரீட். அங்கே 1883-ல் ஸ்டார் தியேட்டர் திறந்தது. கிரீஷ் சந்திர கோஷ் என்ற நாடகாசிரியர் (நம் சங்கரதாஸ் சுவாமிகள் போல, எழுதவும் தெரியும், நடிக்கவும் தெரியும், நடிக்கச் சொல்லித் தரவும் தெரியும்) 1884 ஆகஸ்டில் அங்கே 'சைதன்ய லீலா' போட்டார். சைதன்ய மகாபிரபுவின் கதை. கீர்த்தனையும் பஜனையுமாகப் பாட்டு வழிந்த நாடகம். ஊரே திரண்டது. செப்டம்பர் 21 அன்று ராமகிருஷ்ண பரமஹம்சரே தட்சிணேஸ்வரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார். சைதன்யராக நடித்தது ஒரு பெண், வினோதினி தாசி. இங்குள்ளவர்கள் வாயில் பினோதினி. நாடகம் முடிந்ததும் பரமஹம்சர் அவரை ஆசீர்வதித்தது வங்காளத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கதை.

அடுத்த வருஷம் 1885 ஜனவரியில் அதே ஸ்டாரில் 'நிமாய் சன்யாஸ்' வந்தது. நிமாய் என்பது சைதன்யரின் பிள்ளைப் பெயர். இது அசல் இரண்டாம் பாகம்தான். கதாநாயகர் அவரே, நடித்ததும் வினோதினியே, எழுதியதும் கிரீஷ் பாபுவே. நடுவில் ஆறு மாசம்கூட முழுசாக இல்லை!

எப்படி முடிந்தது? அன்றைய கல்கத்தாவில் ஒரு நாடகத்தைத் தினமும் போடும் வழக்கம் இல்லை. புதன், சனி, ஞாயிறு என்று வாரத்தில் சில ராத்திரிகள்தான் ஆட்டம். ஒவ்வொரு ராத்திரிக்கும் பலகையில் பெயர் மாறும். பரமஹம்சர் பார்த்த நாடகங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 21 ஞாயிறு 'சைதன்ய லீலா', டிசம்பர் 14 ஞாயிறு 'பிரகலாத சரித்ர', 1885 பிப்ரவரி 25 புதன் 'பிருஷகேது'. எல்லாம் ஒரே கொட்டகை, ஒரே கம்பெனி. புதுசு வந்ததென்று பழசைப் பரணில் ஏற்ற வேண்டியதில்லை. முறை வைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

நான் பி.காம். ஆசாமி, கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது :-) இந்த ஏற்பாட்டில் இரண்டாம் பாகத்துக்கு ஆகும் புதுச் செலவு ரொம்பக் குறைச்சல். கொட்டகை இருக்கிறது. நடிகர்களும் வாத்தியக்காரர்களும் சம்பளத்தில் இருக்கிறார்கள். நவத்வீபத்துத் தெருத் திரை, காவி உடை, மிருதங்கம், கரதாளம் எல்லாம் முதல் பாகத்துக்கு வாங்கியவை. பாங்கி பாஷையில் சொன்னால், பழைய முதலின் மேலேயே புது வரவு.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பார்க்க வந்தவர்களுக்குக் கதை முன்பே தெரியும். கிரீஷ் கோஷ் 1881-ல் நேஷனல் தியேட்டருக்காக ராமாயணத்தை நாடகங்களாக எழுத ஆரம்பித்தபோது முதலில் வந்தது 'ராவண வதம்'. பிறகு 'சீதையின் வனவாசம்'. சீதா கல்யாணம் வந்ததோ 1882-ல்! கல்யாணத்துக்கு முன்னாலேயே புருஷன் காட்டுக்கு அனுப்பிவிட்டான் என்று யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. முடிவு தெரிந்த ஜனங்களுக்கு முன்கதை என்ன, பின்கதை என்ன?

நம்மூர் ஸ்பெஷல் நாடகத்திலும் இதே சங்கதிதான். சங்கரதாஸ் சுவாமிகளின் 'அல்லி அர்ஜுனா' எல்லோருக்கும் தெரியும். 'பவளக்கொடி'யும் தெரியும். 1934-ல் தியாகராஜ பாகவதர் சினிமாவுக்கு வந்ததே இந்தப் பவளக்கொடியாகத்தான். ஆனால் பவளக்கொடி அல்லி கதையின் இரண்டாம் பாகம் என்று யாராவது நினைத்துப் பார்க்கிறோமா? அல்லிக்கும் அர்ஜுனனுக்கும் பிறந்த புலந்திரன் விளையாடப் பவளத்தேர் கேட்கிறான். அதற்குப் பவளம் தேடிப் போன இடத்தில்தான் அர்ஜுனன் பவளக்கொடியைப் பார்க்கிறார். அல்லி இல்லாமல் அந்தக் கதையே கிடையாது. இருந்தும் இந்த ஊர்த் திருவிழாவில் பவளக்கொடி, பக்கத்து ஊரில் அல்லி என்று ஒரே சமயத்தில் நடக்கும். ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் இரண்டும் மனப்பாடம். எந்த ராத்திரிக்கு எது வேண்டுமென்று பேசி முன்பணம் கொடுத்தால் போதும்.

இப்போது லண்டனைப் பார்ப்போம். ஆண்ட்ரூ லாயிட் வெப்பரின் 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பரா' 1986 அக்டோபரில் ஹர் மெஜஸ்டிஸ் தியேட்டரில் ஆரம்பித்தது. அதன் தொடர்ச்சியான 'லவ் நெவர் டைஸ்' 2010 மார்ச்சில் அடெல்ஃபி தியேட்டரில் வந்தது. ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம். ஆக, முதல் கேள்விக்கு அங்கேயும் பதில் 'ஓடலாம்' என்பதுதான். ஆனால் எத்தனை நாள்? நடுவில் 2010 நவம்பரில் சில நாள் நிறுத்தி மாற்றி எழுதிப் பார்த்தும் இரண்டாவது 2011 ஆகஸ்டில் மூடிவிட்டது. ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. முதலாவதோ கொரோனா காலத்தில் 2020 மார்ச் முதல் 2021 ஜூலை வரை நின்றதைத் தவிர இன்றும் அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அங்கே தினசரி ஒரே நாடகம், அதற்கென்றே கட்டிய காட்சி, அதற்கென்றே நடிகர்கள். இரண்டாம் பாகத்துக்குத் தனிக் கொட்டகை, தனி முதல், தனி வாரச் செலவு. வருமானம் வரும் வழியோ குறுகல். முதல் பாகத்தைப் பார்க்க ஒரு தகுதியும் வேண்டாம். இரண்டாம் பாகத்தை ரசிக்க முதலாவது தெரிந்திருக்க வேண்டும். புதிதாக ஊருக்கு வந்த ஒருவர் ஒரு டிக்கெட்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவார்? முதலாவதைத்தான். தொடர்ச்சி வந்ததால் மூலம் நஷ்டப்படவில்லை, மூலம் பக்கத்திலேயே ஓடியதுதான் தொடர்ச்சிக்குப் பாரமாகிவிட்டது என்பது என் கணிப்பு.

அப்படியானால் கல்கத்தா முறைதான் உசத்தியா? கணக்குப்படி ஆமாம். ஆனால் கணக்கில் வராத செலவு ஒன்று இருந்தது. லண்டனில் இரண்டு பாகத்துக்கும் இரண்டு நடிகர் குழு. பீடன் ஸ்ட்ரீட்டில் இரண்டையும் சுமந்தது ஒரே உடம்பு. சைதன்ய லீலாவின் முதல் நாள் காலையில் கங்கையில் குளித்து, துர்கையின் பெயரை 108 முறை எழுதிவிட்டு மேடையேறியதாக வினோதினி தன் சுயசரிதையில் சொல்கிறார். இரண்டாம் பாகம் முதலாவதைவிடக் கடினம், நீள நீளமான வசனங்கள் என்றும் எழுதியிருக்கிறார். நடுநடுவே மற்ற நாடகங்களில் வேறு வேஷங்கள்.

இத்தனைக்கும் அந்தக் கொட்டகை எழும்பியதே அவரால்தான். பணம் போட்ட குர்முக் ராய், நாடகத்தை விட்டுவிட்டால் 50,000 ரூபாய் தருகிறேன் என்றாராம். வினோதினி பணம் வேண்டாம், தியேட்டர் கட்டிக் கொடுங்கள் என்றார். அதற்குத் தன் பெயர் வைப்பார்கள் என்று நம்பியிருந்தார். பதிவு செய்தபோது 'ஸ்டார்' என்று வைத்துவிட்டார்கள். தாசி குலத்துப் பெண்ணின் பெயரைப் பலகையில் போட்டால் கௌரவமானவர்கள் வரமாட்டார்களாம்! அவர் சைதன்யராக ஆடியபோது மட்டும் அந்தக் கௌரவமானவர்கள் எல்லோரும் வந்தார்கள். பன்னிரண்டு வருஷம் நடித்துவிட்டு, நிமாய் சன்யாஸ் வந்த இரண்டே வருஷத்துக்குள், இருபத்துநாலு வயது வாக்கில் மேடையை விட்டு விலகினார். 1941 வரை இருந்தார். திரும்பி வரவேயில்லை.

ஸ்டார் பிறகு ஹாதிபாகானுக்கு இடம் மாறியது. அந்தக் கொட்டகைக்கு வினோதினியின் பெயரை வைக்கப்போவதாக 2024 டிசம்பர் கடைசியில் மாநில அரசு அறிவித்தது. கேட்டது 1883-ல். கிடைக்க 141 வருஷம்.

முதல் பாகமும் இரண்டாம் பாகமும் ஒரே ஊரில் ஓடலாம். கதை ஊருக்குத் தெரிந்ததாகவும் கொட்டகை முறை வைத்து ஆடுவதாகவும் இருந்தால் லாபமாகவே ஓடலாம். ஆனால் அந்த லாபத்தில் ஒரு பங்கு, இரண்டிலும் நின்று ஆடியவரின் மூச்சிலிருந்து எடுத்தது. எந்த ஐந்தொகையிலும் அதற்கு ஒரு தலைப்பு கிடையாது.