திரும்பும் நேரம்: ஆரணித் தறிக்கும் சென்னைக் கடைத்தெருவுக்கும் இடையே ஒரு பெண்ணின் தனிப்பயணம்

தனியாகப் பெருநகரத்துக்குப் போகும் பெண்ணுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் நமக்கெல்லாம் மனப்பாடம். இருட்டுவதற்குள் வீடு திரும்பு. கழுத்திலும் காதிலும் அதிகம் போட்டுக்கொண்டு போகாதே. பெண்கள் இருக்கும் இருக்கையாகப் பார்த்து உட்கார். யாரிடமும் ஊர் பேர் சொல்லாதே. இவற்றில் பல பயனுள்ளவை. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை. ஆயினும் எல்லாமே பயணம் செய்பவளின் நடத்தையைப் பற்றியவை. பேருந்து எத்தனை மணி வரை ஓடுகிறது, இறக்கிவிடும் இடத்தில் விளக்கு எரிகிறதா, இரவு தங்க நேர்ந்தால் யார் அறை கொடுப்பார்கள் என்ற கேள்விகள் அவற்றில் வருவதே இல்லை. ஆரணி வட்டாரத்துப் பட்டு நெசவுக் குடும்பப் பெண் ஒருத்தி சென்னைக்குத் தனியே போய்வருவதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு பெண் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் அச்சமின்றித் திரும்பிவர முடிகிறதா என்பதே அவளுடைய பாதுகாப்பின் அளவுகோல். அந்த நேரம் குறுகும்போது அவளுடைய வருமானமும் குறுகுகிறது. இவ்விரண்டையும் நிறுவுவதே இங்கு என் நோக்கம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணி, பட்டுச் சேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். நெசவு நகரத்துக்குள் மட்டும் நடப்பதில்லை. தேவிகாபுரம், ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு என்று சுற்றுக் கிராமங்களிலும் தறிச் சத்தம் கேட்கும். தறி வீட்டிலேயே இருப்பதால் தொழிலும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. தார் சுற்றுவது, அறுந்த இழையை முடிவது, பாவு பிணைப்பது, தறியில் உட்கார்ந்து நெய்வது எனப் பெண்ணின் கை படாத கட்டம் அரிது. நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20) நாடு முழுவதும் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட நெசவாளர்களையும் துணைத் தொழிலாளர்களையும் கணக்கிட்டது. அவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பெண்கள். ஆனால் நெய்து முடித்த சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஊரைவிட்டு வெளியே போவது பெரும்பாலும் ஆண்.

இது வெறும் பழக்கமாகத் தோன்றலாம். தொழிலின் அமைப்போடு சேர்த்துப் பார்த்தால் இதன் விலை தெரியும். பட்டு நெசவாளருக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாளியிடம் பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் வாங்கிக் கூலிக்கு நெய்யலாம். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகி நெய்யலாம். அந்தச் சேலை 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் போன்ற அமைப்பின் வழியே விற்பனைக்குப் போகும். அல்லது சொந்த முதலில் பட்டும் ஜரிகையும் வாங்கி நெய்து, தானே விலை பேசி விற்கலாம். மூன்றாவது வழியில்தான் நெய்தவர் கைக்கு லாபம் வருகிறது. பயணமும் அதில்தான் அதிகம். மூலப்பொருளுக்குக் காஞ்சிபுரம் போக வேண்டும், விற்கத் தியாகராய நகருக்குப் போக வேண்டும். கணவனை இழந்தவள், நோயாளிக் கணவனை வைத்துக்கொண்டு தறியை ஓட்டுபவள், திருமணமே வேண்டாம் என்று இருப்பவள் ஆகியோருக்கு நெய்யும் திறன் எவ்வளவு இருந்தாலும் இந்த வழி எளிதில் திறப்பதில்லை. போய்வர ஆள் இல்லாததால் அவர்கள் கூலி நெசவிலேயே நின்றுவிடுகிறார்கள்.

ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆரணியிலிருந்து சென்னை 130 கிலோமீட்டருக்கும் மேல். கோயம்பேடு வரை மூன்றரை மணி நேரம், அங்கிருந்து தியாகராய நகருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு ஆரணியில் ஏறினால் 10.30க்குக் கடைத்தெருவில் இருப்பாள். இரவு 7 மணிக்குள் ஆரணியில் இறங்க வேண்டுமானால் பிற்பகல் 2.30க்கே கடைத்தெருவை விட்டுக் கிளம்பியாக வேண்டும். கையில் மிஞ்சுவது நான்கு மணி நேரம். அதற்குள் கடை திறந்து, கொள்முதல் பார்ப்பவர் வந்து, மற்றவர்களுக்குப் பிறகு இவளுடைய சேலையைப் பிரித்து, முந்தியையும் ஜரிகையையும் பார்த்து விலை சொல்ல வேண்டும். அவளுக்குக் கிராமம் ஆரணிக்கு அப்பால் என்றால் கடைசி டவுன் பஸ்ஸையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நான்கு மணி நேரம் மூன்றாகிவிடும். ‘சாயங்காலம் வாங்க, பார்க்கலாம்’ என்ற ஒரு வார்த்தை போதும், அவளுடைய பேரம் முறிந்துவிடும். கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு அவள் பேருந்து பிடிக்கிறாள். ஆண் நெசவாளர் காத்திருப்பார், அடுத்த கடையையும் பார்ப்பார், இரவு 10 மணிக்கு ஏறிக்கூட வருவார். இருவர் சேலையும் ஒரே தரமாக இருக்கலாம்; விலையில் வரும் வேறுபாட்டை உண்டாக்குவது கடிகாரம்.

பயணப் பாதுகாப்பைக் கூலிக் கேள்வியாகவும் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். இத்தகைய இழப்பு கல்வியிலும் காணப்பட்டுள்ளது. தில்லிப் பல்கலைக்கழக மாணவியரைப் பற்றிய கிரிஜா போர்க்கரின் ஆய்வு, போகும் வழி பாதுகாப்பாக இருக்கும் என்பதற்காகவே தரம் குறைந்த கல்லூரியைப் பெண்கள் தேர்ந்தெடுப்பதைக் காட்டியது. அங்கே கல்லூரி, இங்கே கடைத்தெரு. எந்தக் குற்றமும் நடக்காத நாளிலும் இந்த இழப்பு நடந்துகொண்டே இருக்கிறது. காவல்துறைப் புள்ளிவிவரத்தில் அது ஒருபோதும் வராது.

வழித்தடத்துக்கு வருவோம். ஆரணிக்கு ரயில் இல்லை. ‘ஆரணி ரோடு’ என்று பெயர் தாங்கிய நிலையம் விழுப்புரம்–காட்பாடி பாதையில், ஊரிலிருந்து தள்ளிக் களம்பூரில் இருக்கிறது. ஆரணி வழியே போக வேண்டிய திண்டிவனம்–நகரி புதிய பாதைக்கு 2006-07இலேயே அனுமதி கிடைத்தது. ஊர் இன்னும் காத்திருக்கிறது. ரயில் இல்லாத ஊருக்கு எல்லாமே பேருந்துதான். அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதும் முக்கியம். 2002இல் திறக்கப்பட்ட கோயம்பேடு நிலையம் நள்ளிரவிலும் ஆள் நடமாட்டம் குறையாத இடம். 2015 முதல் அதன் பக்கத்திலேயே மெட்ரோவும் ஓடுகிறது. தெருவில் பல கண்கள் இருப்பதே காவல் என்று ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதிய நூலில் வாதிட்டது கோயம்பேட்டுக்கு நன்றாகவே பொருந்தும். திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் வழியாக வரும் பேருந்துகளோ, 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டபின் அங்கேயே நின்றுவிடுகின்றன. திறந்தபோது அதன் வாசலில் ரயிலும் இல்லை, மெட்ரோவும் இல்லை. நெரிசலைக் குறைக்க எடுத்த முடிவு அது. ஆனால் விடியுமுன் வந்திறங்கும் பெண்ணுக்கு இன்னொரு வண்டி மாறும் அச்சத்தை அது கூட்டியது. மேற்குத் திசைப் பேருந்துகளுக்காகக் குத்தம்பாக்கத்தில் திட்டமிடப்பட்ட முனையமும் அதே தவற்றைச் செய்யக் கூடாது. முனையத்தை நகர்த்துவதற்கு முன் நகர்ப் பேருந்தை அங்கே இரவு முழுவதும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

கட்டணமும் பாதுகாப்போடு தொடர்புடையது. 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தைக் கொண்டுவந்தது. அதன் பெரிய விளைவை நான் பணச் சேமிப்பில் மட்டும் பார்க்கவில்லை. அந்தப் பேருந்துகளில் பெண்களின் எண்ணிக்கை பெருகியது. பெண்கள் நிறைந்த பேருந்தில் இன்னொரு பெண் துணிந்து ஏறுவாள். ஆனால் இந்தச் சலுகை டவுன் பஸ்ஸோடு முடிகிறது. அத்திமலைப்பட்டிலிருந்து ஆரணி வரை டிக்கெட் இல்லை; சென்னைக்கு முழுக் கட்டணம். கர்நாடகத்தில் 2023 ஜூனில் தொடங்கிய சக்தித் திட்டமும், தெலங்கானாவில் அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய மகாலட்சுமித் திட்டமும் மாநிலத்துக்குள் ஊர்விட்டு ஊர் செல்லும் சாதாரணப் பேருந்துகளையும் எக்ஸ்பிரஸ் பேருந்துகளையும் சேர்த்துக்கொண்டன. வழிகாட்டிய தமிழ்நாடு பாதி வழியில் நின்றுவிட்டது. முழு விலக்கு நிதிநிலைக்குச் சுமை என்றால், மாலை 6 மணிக்குப் பிறகு நகரத்திலிருந்து திரும்பும் தொலைதூரப் பேருந்துகளில் மட்டுமாவது பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கலாம். இரவுப் பேருந்தில் பெண்கள் பத்துப் பேர் இருந்தால் பதினோராவது பெண் ஏறத் தயங்கமாட்டாள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் துன்புறுத்தலுக்குள்ளாகி இறந்தபின் மாநிலம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2022இல் திருத்தப்பட்ட தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளின்படி, பெண்ணை முறைத்துப் பார்ப்பவரையும் விசிலடிப்பவரையும் நடத்துநர் வழியிலேயே இறக்கிவிடலாம், காவல் நிலையத்திலும் ஒப்படைக்கலாம். தொட்டுப் பேசும் நடத்துநருக்கும் அதில் தண்டனை உண்டு. பயணிக்கு மிகவும் பயன்படக்கூடியது வேறொன்று. ஓடும் பேருந்தில் நடந்த குற்றம் எந்த எல்லைக்குட்பட்டது என்று சொல்லி அலைக்கழிப்பது நம் காவல் நிலையங்களில் பழைய நோய். எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதை 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. பயணத்தில் நடந்த குற்றத்தை அந்தப் பயணம் கடந்துசென்ற எந்த எல்லையின் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183ஆம் பிரிவிலேயே இருந்தது. காஞ்சிபுரத்தைத் தாண்டும்போது நடந்ததை ஆரணியில் இறங்கிப் புகார் செய்யலாம் என்று பேருந்துக்குள் எழுதி ஒட்டினால் அவள் பாதி வழியில், முன்பின் தெரியாத ஊரில் இறங்க வேண்டியதில்லை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைவிட இந்தத் தகவல் குறைவாகவே அறியப்பட்டிருக்கிறது.

ஆனால் நகரத்தை மட்டுமே குற்றவாளியாக நிறுத்துவதும் நேர்மையாகாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்வது, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்பதை. வீட்டுக்குள் இருப்பது பாதுகாப்பு, வெளியே போவது ஆபத்து என்ற நம் பொதுப்புத்தி இந்த எண்ணின் முன் நிற்காது. அச்சத்தின் பெயரில் நாம் காப்பது பல வேளைகளில் பெண்ணின் உடலைவிடக் குடும்பத்தின் பெயரைத்தான். ஷில்பா பாட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட நூல் இதை அழுத்தமாகச் சொன்னது: காரணம் காட்டத் தேவையில்லாமல் பொதுவெளியில் இருக்கும் உரிமை வேண்டும், துணிந்து இறங்கும் உரிமையும் பெண்ணுக்கு வேண்டும். நான் அவர்களோடு உடன்படுகிறேன். ஆனால் ஆரணிக்கு அந்த வாதம் போதாது. சும்மா உலவ விரும்பும் பெண்ணுக்கு முன்பே, வேலைக்காகப் போயே தீர வேண்டிய பெண் இங்கே இருக்கிறாள், அவளுக்கே வழி கிடைக்கவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) சந்தைக்கும் மருத்துவமனைக்கும் ஊருக்கு வெளியேயும் தனியே செல்ல அனுமதிக்கப்பட்ட பெண்கள் 42 விழுக்காட்டினரே.

செல்போனில் படம் அனுப்பி விற்கலாமே, பயணம் எதற்கு என்ற மறுப்பை எதிர்பார்க்கிறேன். விற்கிறார்கள், அது நல்லது. ஆனால் பட்டின் கனமும் ஜரிகையின் தரமும் படத்தில் தெரிவதில்லை, கடைத்தெருவில் என்ன விலைக்கு என்ன போகிறது என்பதையும் படம் சொல்லாது. சந்தையை நேரில் பார்க்காதவர் சந்தையைப் பார்த்தவர் சொல்வதை நம்பியாக வேண்டும்.

மிச்சமிருப்பது இரவு. இருட்டுவதற்குள் திரும்ப முடியவில்லை என்றால் தங்க வேண்டும், தங்குவதற்கு அறை வேண்டும். தனியே வரும் பெண்ணுக்கு அறை இல்லை என்று கைவிரிக்கும் லாட்ஜுகள் தமிழ்நாட்டு நகரங்களில் இன்றும் இருக்கின்றன. ‘கூட யார் வர்றாங்க?’ என்ற கேள்வியைச் சந்திக்காத பெண் பயணி குறைவு. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றில் நுழையப் பாலினத்தின் பெயரால் மட்டும் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அரசை மட்டுமல்லாமல் தனியாரையும் கட்டுப்படுத்தும் மிகச் சில பிரிவுகளில் அது ஒன்று. தீண்டாமைக்கு எதிராக அந்தப் பிரிவை நினைவுகூரும் நாம், லாட்ஜ் மேசையின் முன் நிற்கும் பெண்ணுக்காக அதை எடுத்துப் பேசியதே இல்லை. பெண் என்பதற்காக அறை மறுத்தால் உரிமம் புதுப்பிக்கப்படாது என்று உள்ளாட்சி அமைப்புகள் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். புதுச் சட்டம் தேவையில்லை.

தங்குமிடமே பெண்ணின் பயணத்தைச் சாத்தியமாக்கும் என்பதைச் சென்னை நூறாண்டுக்கு முன்பே கண்டது. இளம் விதவைகளை வெளியூர்களிலிருந்து வரவழைத்துப் படிக்கவைக்கச் சகோதரி சுப்புலட்சுமி 1910களில் கடற்கரை ஐஸ் ஹவுஸில் விடுதி நடத்தினார். அது பிராமண விதவைகளுக்கு மட்டுமாக இருந்தது, கட்டுப்பாடும் கடுமை. அந்தக் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. இன்று தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகள் வேலைக்குச் செல்லும் பெண்களுக்காக நடக்கின்றன. ஒரே ஓர் இரவுக்காக வரும் நெசவாளிக்குத் தேவைப்படுவது அதனினும் சிறியது: கூட்டுறவுச் சங்க அடையாள அட்டையைக் காட்டினால் கிடைக்கும் ஒரு கட்டில், சேலைப் பையை வைத்துப் பூட்ட ஓர் அலமாரி. கோ-ஆப்டெக்ஸ் தலைமையகம் எழும்பூரில், ரயில் நிலையத்துக்கும் மெட்ரோவுக்கும் எட்டும் தொலைவில் இருக்கிறது. நெசவாளர் சங்கங்களின் பணத்திலும் உழைப்பிலும் வளர்ந்த அந்த நிறுவனம் நெசவாளப் பெண்களுக்காகச் சில கட்டில்களை ஒதுக்குவது பெரிய செலவாகாது. ஆரணி, காஞ்சிபுரம், சேலம், திருபுவனம் எனப் பட்டு நெய்யும் ஊர்களின் சங்கங்கள் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். அந்தக் கட்டில் இருந்தால் அவள் மாலை 5 மணிக்கும் பேரம் பேசலாம். முதல் கடையில் சொன்ன விலை பிடிக்கவில்லை என்றால் மறுநாள் காலை அடுத்த கடைப்படி ஏறலாம்.