நோபல் மிதித்த மண்

குளித்த ஈரக்காலை வைத்ததும் தண்ணீரைக் கண்ணெதிரே குடித்துவிடுகிறதே, அந்தக் கல் மிதியடி... அதன் பூர்வீகம் தெரியுமோ? டயட்டம் என்கிற நுண்பாசிகளின் ஓடுகள் நீரடியில் படிந்து உண்டான மண். உடம்பெல்லாம் துளை!

1864-ல் நைட்ரோகிளிசரின் வெடித்துத் தம்பி எமிலைப் பறிகொடுத்த ஆல்ஃபிரட் நோபல், அந்தப் பொல்லாத திரவத்தை இந்த மண்ணுக்குத்தான் குடிக்கக் கொடுத்தார். சாதுவாகிவிட்டது. 1867-ல் டைனமைட்!

ஜப்பான்காரர்கள் இதே மண்ணில் அடுப்பு செய்தார்கள், சுவர் பூசினார்கள், பிறகு மிதியடி. உறிஞ்சுவது குறைந்தால் துளை அடைத்துவிட்டது என்று அர்த்தம். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து நிழலில் காயவைத்தால் போதும். சோப்பு கூடாது.

கொஞ்சம் பொறுங்கள். 2020 கடைசியில் ஜப்பானில் விற்ற சில மிதியடிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது தெரிந்து, லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள். அந்த ரகத்தைத் தேய்த்தால் தூசி நேரே நுரையீரலுக்குப் போகும். உங்களுடையது எப்போது, யார் செய்தது என்று பார்த்துவிட்டு உப்புத்தாளை எடுங்கள்.