கண்டவர் சொல்லும் கேட்டவர் சொல்லும்

ஆங்கிலத்தில் ‘ஃபர்ஸ்ட் ஹேண்ட்’ என்றொரு வழக்கு உண்டு. ‘முதற்கை’ என்பது அதன் நேர்ப்பொருள். இடையில் வேறெவர் கையும் படாமல் மூலத்திலிருந்தே பெற்றது என்னும் கருத்தில் அது வழங்குகிறது. நேரில் கண்டு உரைக்கும் செய்தி, தானே பட்டு உணர்ந்த அறிவு ஆகிய இரண்டையும் அச்சொல்லாலேயே குறிப்பர். அதன் மறுதலையான ‘செகண்ட் ஹேண்ட்’ நம் ஊர்ச் சந்தை வரைக்கும் வந்துவிட்டது. பழைய மிதிவண்டியும் பழைய மோட்டாரும் அப்பெயராலேயே விலைபோகின்றன. முதற்கையோ அவ்வாறு தமிழில் குடியேறவில்லை.

அதற்குரிய சொற்கள் நம்மிடம் முன்பே இருந்தன. ‘கண்கூடு’ என்கிறோம், ‘நேரில் கண்டது’ என்கிறோம். பயன்படுத்திப் பார்த்துப் பலன் தெரிந்த மருந்தைக் ‘கைகண்ட மருந்து’ என்கிறோம். இங்கே கையே கண்ணாகிவிடுகிறது. இவற்றுள் ஆழமான சொல் ‘பட்டறிவு’. படுதல் என்பது துன்புறுதலும் ஆகும். பட்டவனே அறிவான் என்னும் உண்மையை இச்சொல் தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறது. ஆங்கிலச் சொல் பொருள் எவர் கையிலிருந்து வந்தது என்று கேட்கிறது. தமிழ்ச் சொல் அதை அடைய எவர் என்ன பட்டார் என்று கேட்கிறது.

எனினும் நம் முன்னோர் கேட்டறிந்ததைத் தள்ளிவிடவில்லை. அளவை நூலார் காட்சி, கருதல், உரை என அறிவின் வாயில்களை வகுத்தபோது, நம்பத்தக்கோர் உரைக்கும் இடமளித்தனர். நீதிமன்றத்தின் வழி சற்றே வேறு. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், கண்டதைக் கண்டவரும் கேட்டதைக் கேட்டவருமே வந்து சொல்ல வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் அதன் இடத்திற்கு வந்துள்ள புதிய சட்டத்திலும் அந்நெறி தொடர்கிறது.

திருச்சபைக்கு இவ்வாய்வு வெறும் சொல்லாய்வு அன்று. மறைசாட்சி என்று நாம் வழங்கும் சொல்லுக்கு மூலமான ‘மார்ட்டிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்குச் சாட்சி என்பதே முதற்பொருள். உயிர் ஈந்தவர் என்னும் பொருள் பின்னர்ச் சேர்ந்தது. நம் முதுகுளத்தூர் வட்டாரத்தையும் உள்ளடக்கிய பழைய மறவர் சீமை, இதற்கு ஓர் ஒப்பற்ற சான்றைத் தந்திருக்கிறது.

1647இல் லிஸ்பன் நகரில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, 1673இல் இந்தியா வந்தார். மதுரை மறைப்பணித் தளத்தில் பண்டாரசுவாமி உடையில் அருளானந்தராக வாழ்ந்தார். 1686இல் மறவர் சீமையில் சிறைப்பட்டுக் கொடிய வதைகளுக்கு ஆளானார். இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதியின் முன் நிறுத்தப்பட்டு, இனி இங்குப் போதிக்கலாகாது என்னும் ஆணையோடு விடுவிக்கப்பட்டார். ஐரோப்பா சென்றவர் அங்கேயே தங்கிவிடவில்லை. 1691இல் மீண்டும் இச்சீமைக்கு வந்தார். தடியத்தேவர் 1693 ஜனவரி 6ஆம் நாள் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியோடு மட்டும் வாழ முடிவு செய்தார். விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவர் சேதுபதியின் உறவினர். இரண்டே நாள்களில் அடிகளார் பிடிபட்டார். பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு உயிர் நீத்தார்.

அதற்கு முந்தைய நாள் அவர் சிறையிலிருந்து தம் சபையினருக்கு மடல் எழுதினார். கரியைக் கொண்டு எழுதினார் என்பர். தாம் ஓரியூருக்குக் கொண்டுவரப்பட்டதையும், மகிழ்வோடு சாவை எதிர்நோக்கியிருப்பதையும் அதில் உரைத்தார். பட்டவரே எழுதிய பட்டறிவு இது. ஆயினும் எந்த மறைசாட்சியும் தம் இறுதி நொடியைத் தாமே எழுத இயலாது. அதை மதுரைத் தளத்தின் தலைவரான லைனஸ் அடிகளார், அதே மாதத்தில் தம் துறவு சபையினருக்கு எழுதியனுப்பினார். அவருடைய உடன்பிறந்தார் எழுதிய வாழ்க்கை வரலாறு 1722இல் போர்ச்சுகலில் அச்சேறியது. முதற்கை எழுதி நின்ற இடத்திலிருந்து இரண்டாம் கையும் மூன்றாம் கையும் தொடர்ந்தன. 1947இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்ததற்குப் பின்னால் இக்கைகள் அனைத்தும் உள்ளன. விலக்கப்பட்ட அப்பெண் தன் துயரை எழுதியிருந்தால் அதுவும் முதற்கைச் சான்றே. அம்மடல் நம்மிடம் இல்லை என்பதையும் வரலாறு படிப்போர் நினைவிற்கொள்ள வேண்டும்.

இக்கருத்து நம் காலத்திற்கு வரும்போது கூர்மையடைகிறது. 1957 செப்டம்பர் 10ஆம் நாள் முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் நடந்தது. மறுநாள் இரவு பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொலையுண்டார். 14ஆம் நாள் கீழத்தூவலில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் ஐவர் மாண்டனர். தொடர்ந்த கலவரத்தில் இருதரப்பிலும் குடும்பங்கள் சிதைந்தன. கீழத்தூவலில் நடந்ததைக் காவல்துறை ஒருவிதமாகவும் ஊரார் வேறுவிதமாகவும் கூறினர். இருசாராரும் நேரில் கண்டதாகவே கூறினர். நேரில் கண்டோர் சொல்லும் ஒரு பக்கத்தின் சொல்லாக இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அன்று கண்டோர் இன்று மிகச் சிலரே. அவர்களின் துயரம் பட்டறிவு. அதற்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் அதற்குப் பின் பிறந்தோர் பலரிடம் இருக்கும் சினம், பிறர் கையிலிருந்து வாங்கிய சினம். பழைய வண்டியை வாங்கும்போது ஓட்டிப் பார்த்து, பழுது பார்த்து வாங்குகிறோம். பழைய பகையை மட்டும் அவ்வாறு பாராமலே வாங்கிக்கொள்கிறோம். எதிர்த் தெருவில் இழந்தவர் யார், அவர் என்ன பட்டார் என்று ஒருமுறை நேரில் சென்று கேட்பவர், தம் கையில் உள்ளதன் மறுபக்கத்தைக் காண்பார்.

தூய யோவான் தம் முதல் மடலின் தொடக்கத்தில், வாழ்வின் வாக்கைக் கேட்டதையும், கண்ணால் கண்டதையும், கையால் தொட்டதையும் சான்றாக வைக்கிறார். அதைச் சொல்வதன் நோக்கமாக அவர் குறிப்பது, கேட்போரும் தங்களோடு நட்புறவு கொள்ள வேண்டும் என்பதே. தோமாவும் காயத்தைத் தொடாமல் நம்பேன் என்றார். ஆண்டவர் அவரைத் தள்ளாமல் கையை நீட்டச் சொன்னார். காணாமல் நம்புவோரையும் பேறுபெற்றோர் என்றார். கண்டவர் உறவுக்காகச் சொல்ல வேண்டும். கேட்டவர் உண்மைக்காகக் கேட்க வேண்டும். ஓரியூரின் செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளும் நம் கைகள், அடுத்த தலைமுறையின் கையில் எதைக் கொடுக்கின்றன என்பதே இன்று நம்முன் நிற்கும் வினா.