ஹயாஷியின் சின்ன முத்திரை

பிரெஞ்சு படித்ததனால் உத்தியோகம் கிடைத்தவன் நான். புதுச்சேரியில் எங்கள் தலைமுறையில் அப்படிப் பலர் உண்டு. இரண்டு வாரமாக நான் படித்துக்கொண்டிருப்பது, அதே பிரெஞ்சைப் படித்ததால் வாழ்க்கையே திசை திரும்பிய ஒரு ஜப்பானியரைப் பற்றி. பெயர் ஹயாஷி ததமாசா. 1853-ல் தகாவோகா என்ற ஊரில் பிறந்தவர். தோக்கியோவில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தவர், படிப்பு முடியும் முன்பே 1878-ல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு மொழிபெயர்ப்பாளராகக் கப்பல் ஏறினார். கண்காட்சி முடிந்தும் ஊர் திரும்பவில்லை. அங்கேயே ஜப்பானியக் கலைப்பொருள் வியாபாரியானார். அவர் கடையில் முக்கியமான சரக்கு, மரக்கட்டை அச்சுப் படங்கள்.

இந்தப் படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து கொடுப்பார். அதைக் கவிழ்த்து, காட்டுச் செர்ரி மரப் பலகையில் ஒட்டிச் செதுக்குபவர் ஒருவர். நிறத்துக்கு ஒரு பலகை வீதம் மை தடவி, தாளை வைத்து, முதுகில் தேய்த்து அச்சிடுபவர் இன்னொருவர். முதல் போட்டு விற்பவர் பதிப்பாளர். ஆக நான்கு பேர் வேலை. 1765 முதல் பல வண்ணப் படங்கள் வரத் தொடங்கின. நடிகர்கள், அழகிகள், மல்லர்கள், மலைகள் என்று சாதாரண ஜனங்கள் வாங்கி ரசித்த படங்கள் இவை. விலையும் ஒரு வேளைச் சிற்றுண்டிக் காசுதான். நம் வீட்டுச் சுவர்களில் காலண்டர் படம் மாட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். காலண்டரை யார் பத்திரப்படுத்துகிறார்கள்? அவர்களும் பத்திரப்படுத்தவில்லை. 1868-க்குப் பிறகு மேல்நாட்டு மோகம் வந்ததும், பழைய படங்கள் பழைய காகிதமாகிவிட்டன. பீங்கான் சாமான்களோடு பொட்டலக் காகிதமாகவே இவை பிரான்சுக்கு வந்து சேர்ந்ததாக ஒரு கதையும் உண்டு.

பாரிஸில் அவற்றுக்கு மதிப்பு ஏறியது. சீக்பிரீட் பிங் என்ற வியாபாரியின் கடையில் வான்கோ 1886-87 குளிர்காலத்தில் மணிக்கணக்காகக் கட்டுக்கட்டாகப் புரட்டி, சுமார் 660 படங்கள் வாங்கினார். மலிவாகக் கிடைத்ததால்தான் அந்த ஏழை ஓவியரால் அத்தனை வாங்க முடிந்தது. அதே பிங் 1890-ல் பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் 700-க்கும் மேற்பட்ட படங்களைக் கண்காட்சியாக வைத்தார்.

பிங்குக்கு இல்லாத ஒன்று ஹயாஷிக்கு இருந்தது. படத்தில் எழுதியிருப்பதை அவரால் படிக்க முடியும். அதைப் பிரெஞ்சில் சொல்லவும் முடியும். எத்மோன் தெ கோன்கூர் 1891-ல் உத்தமாரோ பற்றியும், 1896-ல் ஹொக்குசாய் பற்றியும் புத்தகம் எழுதினார். கோன்கூருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. பழைய நூல்களைப் படித்து மொழிபெயர்த்துக் கொடுத்தவர் ஹயாஷி. அட்டையில் பெயர் கோன்கூருடையது. குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல!

ஹயாஷி நல்ல பிரதி என்று தேர்ந்த படங்களில் தம் பெயர் கொண்ட சின்ன முத்திரை ஒன்றைக் குத்துவார். இன்றும் அந்த முத்திரை இருந்தால் வாங்குபவர்கள் இரண்டாம் முறை பார்க்கிறார்கள். பத்துப் பதினோரு ஆண்டுகளில் அவர் தருவித்த படங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். நாட்டின் கலைச் செல்வத்தை வெளிநாட்டானுக்கு விற்ற துரோகி என்று சொந்த நாட்டில் அவரை ஏசினார்கள். அவரோ பிரெஞ்சு ஓவியங்களைச் சேர்த்து, ஜப்பானில் ஒரு காட்சிசாலை வைக்க ஆசைப்பட்டார். 1905-ல் ஊர் திரும்பியவர், மறு வருடமே காலமானார். காட்சிசாலை அமையவில்லை.

துரோகியா? நானும் யோசித்தேன். 1923 செப்டம்பர் 1 பூகம்பத்தில் தோக்கியோவே எரிந்தது. பழைய படங்களை விற்றுக்கொண்டே, புதிய ஓவியர்களைக் கொண்டு அதே பழைய முறையில் புதுப் படங்களும் அச்சிட்டு வந்த வதனாபே ஷோசாபுரோவின் கடை, பலகைகளோடும் படங்களோடும் சாம்பலானது. அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். அன்று எரிந்துபோன பழைய படங்கள் எத்தனையோ. கடல் கடந்து போனவை தப்பின.

போனவற்றில் ஒரு பங்கு திரும்பியும் வந்தது. ஹயாஷியிடமும் பிங்கிடமும் வாங்கிச் சேர்த்தவர் ஆன்றி வெவேர் என்ற பாரிஸ் நகை வியாபாரி. அவரிடமிருந்து சுமார் 8,000 படங்களை 1920 வாக்கில் மொத்தமாக வாங்கியவர், கப்பல் கட்டும் தொழிலதிபர் மத்சுகாதா கோஜிரோ. அவை இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. துரோகி என்று ஏசப்பட்டவர் கைப்பட்டுப் போன படங்களை, இன்று ஜப்பானியப் பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே பார்க்கிறார்கள். ஆனால் திரும்பி வராதவை பல மடங்கு. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இதை எழுதக் காரணம் வேறு. எழுபதுகளின் கடைசியில், நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பதிவறையைக் காலி செய்தார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்துக் காகிதங்கள் மூட்டை மூட்டையாக இருந்தன. பிரெஞ்சு தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. கையால் வரைந்து வண்ணம் தீட்டிய தெரு வரைபடங்கள் சில இருந்ததாக நினைவு. மதியத்துக்குள் முடிக்கச் சொன்னார்கள். முதல் இரண்டு மூட்டைகளை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டு, எல்லாவற்றிலும் 'தேவையில்லை' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டேன். எடைக்குப் போயிற்று. யாரும் என்னைத் துரோகி என்று சொல்லவில்லை. அந்த மாதச் சம்பளமும் ஒழுங்காக வந்தது.

ஹயாஷிக்கும் எனக்கும் ஒரே மொழி, ஒரே வேலை: படித்துப் பார்த்துச் சொல்வது. அவர் பார்த்தார்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தா காலத்துத் தகரப்பெட்டி இருக்கும். பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன், கடைசி மூட்டை வரை ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.