புனேயின் அடைத்த கதவுகள்

கொள்ளைநோய்க் காலத்தில் அரசு கூறும் தடுப்பு முறைகளை மக்கள் ஏன் ஏற்பதில்லை? 'அறியாமை' என்று ஒற்றைச் சொல்லில் விடை கூற நாம் பழகியிருக்கிறோம். 1897-ஆம் ஆண்டின் புனே நகரை நினைவுகூர்ந்தால் அவ்விடை போதாதென்பது விளங்கும்.

1896 செப்டம்பரில் பம்பாயில் கண்டறியப்பட்ட பிளேக் சில மாதங்களில் புனேயை எட்டியது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. புனேயின் பிளேக் குழுவுக்கு வால்டர் சார்லஸ் ராண்ட் என்னும் அதிகாரி தலைவரானார். மார்ச் முதல் படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினர். அடுக்களையும் பூசையறையும் தப்பவில்லை. பெண்கள் அவமதிக்கப்படுவதாகப் புகார்கள் குவிந்தன. நோயாளி மருத்துவமனைக்கும் உடனிருந்தோர் முகாமுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். உடைமைகள் எரிக்கப்பட்டன.

நோய் தெரிந்தால் குடும்பமே சிதறும் என்ற நிலையில், மக்கள் நோயாளிகளை ஒளித்தனர், சாவையும் மறைத்தனர். பலர் ஊரைவிட்டு ஓடினர். நோயும் உடன் சென்றது. 1897 ஜூன் 22 அன்று, விக்டோரியா அரசியின் வைரவிழா விருந்திலிருந்து திரும்பிய ராண்ட், சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டுப் பின்னர் உயிரிழந்தார்.

இம்மக்கள் மருத்துவத்தையே வெறுத்தவர்களா? இல்லை. அதே புனேயின் புறத்தே சாவித்திரிபாய் புலேயும் மருத்துவரான அவர் மகன் யஷ்வந்தும் நடத்திய சிகிச்சை முகாமுக்கு ஏழை நோயாளிகள் வந்தனர். அவர்களைப் பேணிய சாவித்திரிபாய் தாமும் பிளேக் கண்டு 1897 மார்ச் 10 அன்று மறைந்தார். பம்பாயில், ஹாஃப்கின் தம் உடலிலேயே சோதித்துக்கொண்ட தடுப்பூசியை இஸ்மாயிலி சமூகத்தினர் அஞ்சியபோது, அவர்களின் சமயத் தலைவரான இளம் ஆகா கான் அவர்கள் கண்முன்னே அதைப் போட்டுக்கொண்டார். தயக்கம் குறைந்தது.

அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதும் அன்று. 1902-இல் பஞ்சாபின் முல்கோவாலில் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் இசிவுநோயால் மாண்டனர். நம்பிக்கையை ஈட்டுவது கடினம், இழப்பது எளிது.

நாளடைவில் ஆங்கில அரசே கட்டாயத்தைத் தளர்த்தி, உள்ளூர்ப் பெரியோரின் துணையை நாடியது. ஆயினும் 1897-ஆம் ஆண்டுச் சட்டம் நிலைத்தது; 2020-இல் கொரோனாவுக்காக மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. நோயைச் சொன்னால் தம் வீடு என்னவாகும் என்று புனே மக்கள் அஞ்சிய அச்சத்துக்கு அதில் விடையேதும் இல்லை. அதை எழுதவேண்டியது அரசு மட்டுமன்று, அண்டைவீட்டாரான நாமும்தான்.