இருசும் கிரவுனும்: பின்னச்சுப் பழுதுபார்ப்பின் எழுதப்படாத வரலாறு

மாட்டுவண்டிக்கு டிஃபரன்ஷியல் தேவைப்பட்டதில்லை. இருசு அசையாது நிற்க, அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் தனித்தனியே உருளும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் சற்றுக் கூடுதலாக ஓடினாலும் உள்சக்கரத்திற்கு அதனால் இடையூறு இல்லை. அச்சே சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய வண்டியில்தான் சிக்கல் பிறக்கிறது. பின்சக்கரங்களுக்கிடையே 1.4 மீட்டர் அகலமுள்ள ஒரு பிக்கப் செங்கோணமாகத் திரும்பும்போது, வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறத்தாழ 2.2 மீட்டர் அதிகம் ஓடியாக வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் பிணைத்துவிட்டால் டயர் தேயும், அல்லது தண்டு முறுக்குண்டு ஒடியும்.

இதற்கான தீர்வு கடிகாரக் கலையில் முன்னரே இருந்தது. 1720இல் ஜோசப் வில்லியம்சன் அதைக் கடிகாரத்தில் கையாண்டார். பாரிசில் ஒனேசிஃபோர் பெக்கர் 1820களின் இறுதியில் நீராவி வண்டிக்காக அதை அமைத்துக் காப்புரிமை பெற்றார். 1877இல் கவென்ட்ரியின் ஜேம்ஸ் ஸ்டார்லி மிதிவண்டியில் பொருத்தினார். (பழஞ்சீனத்தின் தென்திசை காட்டும் தேரையும் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பர், அதற்குள் எவ்வகைப் பற்சக்கரங்கள் இருந்தன என்பது ஊகமே.) தொழில்நுட்ப வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இத்தகைய பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடுகின்றன. டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' என்னும் நூல் இப்போக்கைத்தான் கண்டித்தது: கண்டுபிடிப்பின் ஆண்டைவிட, ஒரு பொருள் எவ்வளவு காலம், யார் கையில், எவ்வாறு பழுதுபார்க்கப்பட்டு உழைத்தது என்பதே வரலாற்றுக்கு முதன்மையானது. டிஃபரன்ஷியலின் இந்திய வாழ்வு அக்கூற்றுக்கு ஏற்ற சான்று.

இவ்வாழ்வைப் புரிந்துகொள்ள 1920களின் ஒரு மாற்றத்தை அறிய வேண்டும். அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் உருவாக்கிய ஹைப்பாய்டு பற்சக்கரத்தை 1926இல் பேக்கார்டு கார் ஏற்றது. ஹைப்பர்போலாய்டு என்னும் வடிவியற்சொல்லின் குறுக்கமே ஹைப்பாய்டு. இதில் பினியன், கிரவுன் சக்கரத்தின் மையக்கோட்டிற்குக் கீழே அமர்கிறது. புரப்பெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்தது. வண்டியின் தளமும் தாழ்ந்தது. ஆனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளுவதோடு வழுக்கவும் தொடங்கின. அந்த உராய்வின் வெப்பத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். கந்தகச் சேர்மங்கள் கலந்து, எஃகின் மேல் காப்புப் படலம் உண்டாக்கும் தனி எண்ணெய் தேவையாயிற்று. பட்டறைகளில் 'தொண்ணூறாம் நம்பர் ஆயில்' எனக் கேட்டு வாங்கப்படுவதில் இதன் பின்வந்த வடிவமும் அடங்கும். பின்னச்சு கெடுவதன் கதை பெரும்பாலும் இவ்வெண்ணெயின் கதையே. பினியன் முகப்பிலுள்ள ஆயில் சீல் கசியும். எண்ணெய் குறைந்ததைக் காட்ட முன்பலகையில் முள் ஏதும் இல்லை. ஊளைச் சத்தம் காதில் விழும்போது பல்லின் மேற்பரப்பு ஏற்கெனவே போயிருக்கும்.

1945க்குப் பின் அமெரிக்கப் படைகள் விட்டுச்சென்ற ஜீப்புகளும் டாட்ஜ் வண்டிகளும் இந்தியாவில் 'டிஸ்போசல்' சரக்காக விற்கப்பட்டன. 1947இல் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை ஒருங்கிணைக்கத் தொடங்கியது. மறுபுறம், 1928 முதல் பம்பாயின் செவ்ரியில் வண்டிகளைப் பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸ், உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்ற 1953ஆம் ஆண்டுக் கொள்கைக்குப் பின், 1954இல் கடையை மூடியது. தயாரிப்பாளர் வெளியேறினார், செவர்லே வண்டிகள் சாலையிலேயே இருந்தன. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அவற்றை ஓடவைத்தது கல்கத்தாவின் மல்லிக் பஜார், பின்னாளில் தில்லியின் மாயாபுரி போன்ற பழைய உதிரிச் சந்தைகளும் அவற்றைச் சூழ்ந்த பட்டறைகளுமே.

அங்கே நடந்த வேலையை வெறும் 'மாற்றிப் பொருத்துதல்' என்று கருதுவது பிழை. வண்டியை இயக்கத்தில் ஏற்றும்போது மட்டும் ஊளையிட்டால் கிரவுன்–பினியன் மீது ஐயம். திருப்பத்தில் மட்டும் 'கடக்' என்றால் ஸ்டார் பினியன். இடைவிடாத உறுமலானால் பேரிங். வில்லிஸ் மரபில் வந்த பின்னச்சில் பின்மூடியைத் திறந்தாலே கிரவுன் தெரியும். சக்கரக் குடங்களைப் புல்லரால் கழற்றி, ஆக்சில் தண்டுகளை உருவி, பேரிங் மூடிகளில் உளியால் இடம்–வலம் குறித்த பின்னரே அவற்றை அவிழ்ப்பர். அம்மூடிகள் கூட்டோடு சேர்த்துக் கடையப்பட்டவை; இடம் மாறினால் பேரிங் சரியாக அமராது. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசித் தேய்த்துச் சேர்க்கப்பட்ட இணை. ஒரே எண் இரண்டிலும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று போனால் இரண்டையும் மாற்ற வேண்டும். எண் பொருந்தாத இரண்டைச் சந்தையில் மலிவாக வாங்கிச் சேர்த்தவர், சில நூறு கிலோமீட்டருக்குள் அதே ஊளையைக் கேட்டிருப்பார்.

திறமை வெளிப்படுவது திரும்பப் பூட்டும்போதுதான். பினியனின் ஆழத்தை ஷிம் தகடுகள் தீர்மானிக்கும். சிறிய வண்டிகளில் பற்களுக்கிடையே விடவேண்டிய தளர்வு பொதுவாக 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர். டயல் கேஜ் இருந்தால் அளக்கலாம். பேரிங்கின் இறுக்கத்தை, பினியன் விளிம்பில் கயிறு சுற்றிச் சுருள்வில் தராசால் இழுத்துப் பார்ப்பதுண்டு. இறுதித் தீர்ப்பு பல்லின்மேல் பூசிய சாயத்தில் பதியும் தடத்தினுடையது. பினியன் மிக நெருங்கியிருந்தால் தடம் பல்லின் அடிக்கு இறங்கும். விலகியிருந்தால் நுனிக்கு ஏறும். ஆங்கிலக் கையேடுகள் பல்லுக்குக் கால்விரல், குதிகால், முகம், விலா ஆகிய உறுப்புகளைச் சூட்டி இதை விளக்குகின்றன. பல்லுக்கே ஓர் உடல் வாய்த்துவிட்டது. வடஇந்தியப் பட்டறைகளிலோ உஸ்தாத் தடத்தைச் சுட்டிக்காட்டுவார், சீடன் பார்ப்பான். அங்கே கற்பித்தல் பெரும்பகுதி சுட்டுச்சொற்களால் நடக்கிறது: இது, அது, இன்னும் கொஞ்சம் இப்படி. ஆவணக் காப்பகத்தில் தேடுபவருக்குச் சுட்டுச்சொல் அகப்படுவதில்லை. இந்தியத் தொழில்நுட்ப வரலாறு இப்பட்டறைகளைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதையே முழுச் சாக்காகவும் கொள்ள முடியாது. உஸ்தாதுகள் பலர் இன்றும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

கேட்பதற்கான காலமோ சுருங்கிவருகிறது. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் தில்லியில் ஓடக்கூடாது என்னும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. 2021இல் வண்டி உடைப்புக் கொள்கை வந்தது. காற்றின் நிலையை எண்ணினால் இவற்றை எதிர்ப்பது எளிதன்று. பழைய பிக்கப்புகள் விலை குறைந்து பிற மாநிலங்களுக்குச் செல்கின்றன, அல்லது மாயாபுரி போன்ற இடங்களில் உடைபடுகின்றன. உடைப்பவர்கள் கிரவுனையும் பினியனையும் எண் பார்த்து ஒரே கம்பியில் கட்டி வைக்கிறார்களா, இரும்பு எடையில் சேர்த்துவிடுகிறார்களா என்பதைக் கவனித்துக் குறிக்க ஓர் ஆய்வு மாணவருக்குச் சில மாதங்கள் போதும்.